ஒன்பதாவது வரி

பேனை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தயாபரன் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். இருந்தது. கையில் வீரர்களின் பெயர்ப் பட்டியல் இருந்த உறை.

இறுதியாட்டம் இரண்டு மணிக்கு. அதற்குள் பட்டியலைப் பதிவு மேசையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ஒரு பெயரையும் சேர்க்க விடமாட்டார்கள்.

வழக்கமாக முதலாளிதான் கொண்டுபோய்க் கொடுப்பார். இன்றைக்குக் கோல் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டு நின்றதில், "தம்பி, இதை ஒருக்காக் குடுத்துவிடும்" என்று உறையைத் தயாபரன் கையில் திணித்துவிட்டார். யாரிடம் கொடுக்கிறோம் என்று மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

முதலாளி என்றால் சபாரத்தினம். நகரத்தில், குறொன்லாண்ட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அம்மருட் பகுதிப் பொடியளின் கதிரொளி உதைபந்தாட்டக் கழகம் அவருடையது. சேர்ட்டிலிருந்து பந்துவரை எல்லாம் அவர் செலவு, அதில் யாருக்கும் குறை இல்லை. புதிதாக ஆள் எடுக்கத்தான் அவருக்கு மனம் வராது. மற்றக் கழகங்கள் ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்களை இறக்கிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக, இவர் இருக்கிற பொடியளை வைத்தே உருட்டிக்கொண்டிருந்தார்.

அதிலும் மூன்று வருடமாக, முன்னால் நின்று கோல் அடிக்க ஒரு ஆள் இல்லை. ஒன்பதாம் இலக்கச் சேர்ட் மடித்தபடியே பைக்குள் கிடந்தது.

யார் கேட்டாலும் முதலாளியிடம் ஒரே பதில்தான். "பாப்பம்."

இந்தப் பாப்பத்தைக் கேட்டுக் கேட்டுத் தயாபரனுக்கு இரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். கிழமை முழுக்க வாய் திறக்காமல் பஸ் ஓட்டுகிற மனிதர், சனிக்கிழமை வந்தால் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவார். அவர் கத்தினால் பக்கத்து மைதானத்து நடுவரும் விசில் ஊதிவிடுவார் என்று பொடியள் பகிடி பண்ணுவார்கள். ஒருமுறை அப்படி நடந்தும் இருக்கிறது.

இந்த வருடம் அதிர்ஷ்டம் தானாகத் தேடி வந்திருந்தது. பெயர் ரிஷிகேசன். பாரிசில் தமிழ்க் கழகங்களுக்கு ஆடிக் கோல் மேல் கோல் அடிப்பவன். இங்கே எல்லிங்ஸ்ருட்டில் தமக்கை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வந்த இடத்தில், சப்பாத்தும் கையோடு கொண்டு வந்திருந்தான். சும்மாவே ஆடித் தருகிறேன் என்றான். காலையில் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் முதலாளிக்கு முன்னால் நிறுத்தினார் தயாபரன்.

முதலாளி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வடையும் கொடுத்தார். பிறகு "பாப்பம்" என்றார்.

அதனால்தான் இந்தப் பேனை. பட்டியலில் ஒன்பதாவது வரி எப்படியும் வெறுமையாகத்தான் இருக்கும். அதில் ரிஷிகேசனின் பெயரை எழுதி மேசையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கோப்பை கைக்கு வந்த பிறகு முதலாளி ஏசினால் ஏசட்டும்.

கூடாரத்துக்குப் பின்னால் ஒதுங்கி உறையைத் திறந்தார்.

ஒன்பதாவது வரி வெறுமையாக இல்லை.

முதலாளியின் உருண்டைக் கையெழுத்தில் 'தயாபரன் கவிசன்' என்று எழுதியிருந்தது.

தகப்பன் பெயரை முழுதாக முன்னால் போட்டுத்தான் முதலாளி எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுவார். அது அவருடைய பழக்கம்.

ஆட்டம் முடிந்து மேசையிலிருந்து திரும்பி வந்த பழைய பட்டியல்களும் உறைக்குள் கிடந்தன. போன வருடத்தது ஒன்று, அதற்கு முந்திய வருடத்தது ஒன்று. இரண்டிலும் ஒன்பதாவது வரியில் அதே பெயர். பக்கத்தில், மேசையில் இருந்தவர்கள் சிவப்பு மையால் 'வரவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னும் இதே மைதானம், இதே இறுதியாட்டம். கவிசன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலால் போனது. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. தலையில் கை வைத்தபடி புல்லில் குந்திவிட்டான். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டோரத்திலிருந்து பெற்ற தகப்பன்தான் கத்தினார். "முதலாளி, இவனுக்கு இனிச் சேர்ட் குடுக்காதேங்கோ!"

அடுத்த மாதம் வேலை என்று வடக்கே துரொண்ட்ஹைம் நகரத்துக்குப் போனவன் இன்றுவரை தாயோடு மட்டும்தான் கதைக்கிறான்.

அன்றைக்கு முதலாளி என்ன பதில் சொன்னார் என்பது தயாபரனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. பாப்பம் என்றுதான் சொன்னார்.

ரிஷிகேசனை எழுதுவதென்றால் இந்தப் பெயரை வெட்ட வேண்டும். தயாபரனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணீரும் வந்தது. மூன்று வருடம் அவர் வாய் ஓயாமல் ஏசிய மனிதர், அங்கே குனிந்து நின்று வலை கட்டிக்கொண்டிருந்தார்.

தூரத்திலிருந்து ரிஷிகேசன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிக் கேட்டான். தயாபரன் இல்லையென்று தலையாட்டினார்.

பதிவு மேசையில் இருந்த துஷ்யா பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தாள். "மாமா, ஒன்பதாம் நம்பர் வந்திட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பேனையை எடுத்தாள்.

"இப்ப எழுதாதை, பிள்ளை. கொஞ்சம் பொறு."

திரும்பக் கூடாரத்துக்குப் பின்னால் வந்து மனைவிக்குப் போன் எடுத்தார். துரொண்ட்ஹைமுக்குப் போனதும் மகன் நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பரை இவர் இதுவரை கேட்டதில்லை.

"சிவரஞ்சினி, பொடியன்ரை நம்பரை ஒருக்காச் சொல்லும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எழுதப் பேனை இருக்கோ?" என்று கேட்டாள் சிவரஞ்சினி.

தயாபரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.