தெருவில் ஊற்றிய பாடம்

"கேக்குதா?" என்று அவள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.



லேப்டாப் திரையில் முப்பத்து நான்கு கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பத்தாம் வகுப்பு வேதியியல். ஏழு மாதமாக இந்தப் பெயர்களுக்குத்தான் பாடம் எடுக்கிறாள். முகம் தெரிந்தது நான்கைந்து பேர்தான். ஒருவன் பெயர் மாரி மெஸ். இன்னொருவன் பெயர் அப்பா ஃபோன்.

முப்பத்தைந்தாவது கட்டத்தில் டியூஷன் சென்டர் சார்.

போன வாரம் அவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, அப்புறம் எதற்கு லைவ்? இன்று உட்கார்ந்து பார்ப்பார். இப்படியே இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து பழைய வீடியோக்களைப் போட்டுவிடுவார். அவள் வர வேண்டாம்.

அவளும் எல்லாம் செய்து பார்த்தாள். வினாடி வினா வைத்தாள். புரிந்தால் கட்டைவிரல் படம் போடச் சொன்னாள். தனிமங்களின் பெயர்களைப் பாட்டாகப் பாடினாள்.

அன்றைக்கு இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். மஞ்சள் தூள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, அரை எலுமிச்சம்பழம், ஒரு தட்டு.

"தட்டுல தண்ணி ஊத்தி மஞ்சளைக் கரைங்க. இப்ப சுண்ணாம்பு, துளியூண்டு. கேமராவைத் தட்டுக்கு நேரா வைங்க. உங்க முகம் வேண்டாம். தட்டு போதும்."

முகம் வேண்டாம் என்றதும் ஒரு கட்டம் வெளிச்சமானது.

பிறகு இன்னொன்று.

பிறகு ஏழெட்டு.

எவர்சில்வர் தட்டு. தயிர் டப்பாவின் மூடி. சோப்பு வைக்கும் கிண்ணம். எல்லாவற்றிலும் மஞ்சள் தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது.

மைக்குகள் எல்லாம் மூடியே இருந்தன.

சார் கட்டம் அப்படியே இருந்தது.

"எலுமிச்சம்பழத்தைக் கையில எடுத்துக்கோங்க."

அப்போதுதான் இசக்கிப்ரியாவின் கட்டத்துக்குள் வளையல் போட்ட ஒரு கை வந்தது. தட்டைத் தூக்கியது. போய்விட்டது.

"எம்மா! எம்மா, அதக் கொண்டா!"

பதற்றத்தில் விரல் பட்டு மைக் திறந்திருக்க வேண்டும்.

"ஆரத்தியக் கரைச்சு மேசையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க? யாரு வந்திருக்கான்னுட்டி கரைச்ச?"

"ஆரத்தி இல்லம்மா, கெமிஸ்ட்ரி!"

"என்னவோ ஒண்ணு. வீட்டுக்குள்ள வைக்கக்கூடாது. தெருவுல ஊத்தியாச்சு."

எங்கோ ஒரு மைக் திறந்து யாரோ சிரித்தார்கள். அடுத்த மைக். அதற்கடுத்தது.

"ஏட்டி, உங்க வீட்டுல மாப்பிள்ளை அழைப்பா?" இது மாரி மெஸ்.

"வாய மூடுல."

"மேடம், அவளுக்கு பிராக்டிகல் மார்க் கிடையாதுல்ல?"

அவள் ஒரு தடவை சார் கட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

"இசக்கி, பழம் கையில இருக்கா? ஃபோனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடு."

படம் குலுங்கியது. மின்விசிறி, கதவு, செருப்புகள். சிமெண்டுத் தெருவில், காலையில் போட்ட கோலத்தை ஒட்டி, சிவப்பாக ஒரு தேங்கல்.

"புழி."

முப்பத்து நான்கு வீடுகளும் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சாறு விழுந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளி விரிந்தது. சிவப்பு ஓரமாக ஒதுங்கி, இல்லாமல் போனது.

"ஏ ஆத்தீ!" என்றாள் அந்த அம்மா. "எப்படி டீச்சர்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சுண்ணாம்பு காரம், அத்தை. எலுமிச்சை அமிலம். ஒண்ண ஒண்ணு அடக்கிருச்சு."

மகரக்கட்டு உடைந்துகொண்டிருக்கிற குரல். ஏழு மாதத்தில் அவள் கேட்டிராத குரல்.

எந்தக் கட்டம் என்று தேடினாள். அப்பா ஃபோன்.

"உன் பேரு என்னப்பா?"

"ஆன்டோ, மேடம்."

"அந்தத் தம்பிக்குத் தெரியுது பாரு" என்றாள் அம்மா, மகளிடம். "நீ பழத்தப் புழிஞ்சதோட சரி."

அதற்கப்புறம் வகுப்பு அவள் கையில் இல்லை. சோப்புத் தண்ணீரில் செய்தால்? மோர் ஊற்றினால்? மாரி மெஸ் சாம்பார் வாளியையே கேமரா முன்னால் கொண்டுவந்து வைத்தான். வகுப்பு முடிய இருபது நிமிடம் கூடுதலாக ஆனது.

எல்லாரும் போன பிறகு சார் ஃபோன் பண்ணினார்.

"பிரமாதம் மேடம். இன்னைக்கு ரெக்கார்ட் பண்ணீங்கல்ல? அதை அனுப்பிவிடுங்க. எல்லா பேட்சுக்கும் அதையே போட்டுடலாம்."

திரையின் மூலையில் ஒரு வரி வந்தது. எண்பது நிமிடப் பதிவு சேமிக்கப்பட்டது.

அவள் அது மறையும் வரை பார்த்தாள்.

"ஐயோ சார். பட்டனை அமுக்க மறந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"என்ன மேடம் நீங்க. சரி, திங்கக்கிழமை இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க. அப்பவாவது மறக்காதீங்க."

"சரி சார்."

ஃபோனை வைத்தாள். லேப்டாப்பில் அந்தப் பதிவை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள். சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

ஆப்ப சோடா இருந்தது. புளி இருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அந்த அம்மா இன்னொரு தடவை "ஏ ஆத்தீ!" என்றாள்.