பேசாத வக்கீல்

"ஏனுங்க வக்கீலம்மா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

கோர்ட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்காரும் முன்பே ஷாஹுல் ஆரம்பித்துவிட்டார்.

வக்கீல் கிருபா பெஞ்சில் நகர்ந்து சாஜிதா பேகத்துக்கு இடம் விட்டாள்.

சாஜிதா, ஷாஹுலின் தங்கை. சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். அவளும் கணவன் ரைஹானும் பிரிந்துவிட்டார்கள். மகள் ரம்ஷா யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. 'நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராதவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்?' என்று கேட்டிருந்தது ரைஹான் தரப்பு.

இன்று உத்தரவு வந்துவிட்டது. ரம்ஷா அம்மாவிடமே இருக்கலாம்.

டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டுத்தான் ஷாஹுல் வந்திருந்தார். ஜெயித்த சந்தோஷம் இருந்தது. கோபமும் இருந்தது.

"புள்ளைக்குத் திடீர்னு காய்ச்சல் வந்தா என்னம்மா செய்வேன்னு ஜட்ஜய்யா கேட்டாரு. இவ கூண்டுல நின்னு தவியா தவிச்சாளுங்க. அந்தப் பக்கத்து வக்கீலு கடிகாரத்தப் பாக்கறானுங்க, சிரிக்கறானுங்க. நீங்க ஒரு எட்டு முன்னால போயி, 'ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்கய்யா'ன்னு எடுத்துக் குடுத்திருக்கலாமல்லங்க?"

"அவங்களே சொன்னாங்களேங்கண்ணா. 'தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவேன், டாக்டரு கதவத் தட்டறதுக்குப் பேச்சு எதுக்குங்கய்யா'ன்னு. ஜட்ஜ் பேனாவக் கீழ வெச்சுட்டுக் கேட்டாருங்களே."

"அத அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சுங்க!"

சாஜிதா நிமிர்ந்தாள். "அ... அண்ணா, எ... எனக்கு கா..."

"காரம் வேண்டாம், அதானே? தெரியும் கண்ணு." ஷாஹுல் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, தேங்கா பன்னு ஒண்ணு, டீ மூணு!"

அவள் கேட்க வந்தது காப்பி. பேசாமல் பன்னைப் பிய்த்தாள்.

ஷாஹுல் விடுவதாக இல்லை. "ஆபீஸ் வாசல்ல அட்வகேட்டுன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. அட்வகேட்டுன்னா பேசோணுமல்லங்க?"

கிருபா சிரித்தாள்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லீங்கண்ணா. லத்தீன்ல இருந்து வந்தது. 'பக்கத்துல வான்னு கூப்பிட்ட ஆளு', அவ்வளவுதான். அந்தக் காலத்து ரோம்ல, கோர்ட்டுல பேசறதுக்கு வேற ஆளு. வழக்குல மாட்டுனவங்களுக்கு யோசனை சொல்லி, துணைக்குக் கூட வந்து நிக்கிற சிநேகிதனுக்குத்தான் அந்தப் பேரு. பேசறவங்களுக்கு அது ஒட்டிக்கிட்டது பின்னாடிதானுங்க."

"நல்லாருக்குதுங்க! வாயத் தொறக்காததுக்கு ரோம்ல இருந்து ஒரு சாக்கு!"

பக்கத்துப் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷாஹுலுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"லத்தீன் நமக்குத் தெரியாதுங்க. ஆனா வக்கீலுங்கறது அரபு வார்த்தை. நமக்குப் பதிலா பேச நாம நம்பி நிறுத்தற ஆளு. இவ நிக்காஹ்வுக்கு நாந்தானுங்க வக்கீலு! பொண்ணு ரூமுக்குப் போயி சம்மதம் கேட்டுட்டு வந்து, அத்தன பேரு இருந்த சபையில நாந்தான் சொன்னேன். இவள ஒரு நிமிஷம் திணற விட்டிருப்பனா? வக்கீலுன்னா அப்படி இருக்கோணுமுங்க!"

சாஜிதா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நா... நாந்தான் அ... அவங்கள..."

"நீதான் அவங்கள வக்கீலா வெச்சே. அது தெரியுமே கண்ணு, அதுக்காக..."

"அண்ணா," என்றாள் கிருபா மெதுவாக. "அவங்க முடிக்கட்டுங்க."

காலையிலிருந்து அவள் குறுக்கே பேசியது அது ஒன்றுதான். ஷாஹுல் வாயை மூடிக்கொண்டார்.

"பே... பேச வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். எவ்வளவு நே... நேரமானாலும் நானே சொல்லிக்கறேன், பக்கத்துல ம... மட்டும் நில்லுங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"எதுக்கு கண்ணு? நாலு பேரு முன்னால அப்படித் தவிக்கோணும்னு என்ன வைராக்கியம்?"

சாஜிதா மூச்சை இழுத்துக்கொண்டாள். வார்த்தை தொண்டையில் நின்றது. இந்த முறை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நிக்காஹ் அன்னிக்கு ரூமுக்கு வ... வந்து கேட்டீங்களேண்ணா. நான் 'சம்... சம்மதம்'னு தி... திக்குனதுமே எந்திரிச்சு சபைக்குப் போயிட்டீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் சொ... சொல்ல வந்தது, 'சம்மதமில்ல'ன்னு."