பூரிங் அலசிய நார்

விராக் ஊரின் செயற்கைக் கால் பட்டறையில் ஜன்னல் வழியே மழைவிட்ட காலை வெயில் விழுகிறது. படகோட்டி நெமெசியோ இருபுறக் கம்பிகளையும் பிடித்தபடி புதிய செயற்கைக் காலில் நிற்கிறான். போன மாதம் மாட்டிய கால் மூன்றாம் நாளே பிளந்துவிட்டது; அதைச் செய்த நாரிலிருந்த மெழுகுப் பிசுக்கில் ரெசின் பசை ஒட்டவில்லை. இந்த முறை பட்டறையில் வேலை செய்யும் பூரிங் அந்த அபாக்கா வாழைநாரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, விரலில் வழவழப்பு போகும்வரை பதினொரு தண்ணீர் மாற்றி அலசியிருக்கிறாள். இப்போது கதவோரம் மூச்சைப் பிடித்தபடி பார்க்கிறாள். அவன் ஒரு கையை எடுக்கிறான். பிறகு மறுகையையும். முழு எடையும் காலில் இறங்குகிறது. சின்ன விரிசல் சத்தம்கூட இல்லை. மெல்ல நடந்து அவள் முன்னால் வந்து நிற்கிறான்.

“அக்கா, இது நீங்க அலசின நாராமே?”

“ஆமாடா. எம் புருஷன் சட்டையக்கூட நான் இவ்வளவு அலசினதில்ல.”

அவன் சிரிக்கிறான். “இனிமே படகேற முடியாதோன்னு பயந்துட்டேங்க்கா.”

புதுக் காலை ஊன்றிக் குனிந்து, வயதில் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் அந்த ஊர் வழக்கப்படி அவளுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறான்.

“ஏய், நான் என்ன அவ்வளவு கெழவியா?” என்கிறாள் பூரிங். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.