தம்பியைத் தொலைத்த அக்கா

"உங்களுக்குக் காணாமப் போன தம்பி யாராவது உண்டாம்மா?"

சலவைக் கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கேட்டவரை ஏற இறங்கப் பார்த்தாள். துணி போட வந்தவர் மாதிரி தெரியவில்லை. அவர் தனியார் துப்பறிவாளர் என்று எழுதிய அட்டையை நீட்டினார்.

"மூணு தம்பிங்க சார். மூணும் உள்ளேதான் இருக்கு. நாலு நாள் காணாமப் போனா நிம்மதியாத்தான் இருக்கும்."

சொல்லி வாய் மூடுவதற்குள், "அக்கா, சோப்புத் தூள் எங்கே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "அக்கா, இவன் என் சட்டையைப் போட்டுக்கிட்டான்!" என்று இன்னொன்று. தலை நரைத்தும் சண்டை ஓயவில்லை போலிருக்கிறது.

துப்பறிவாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரயில் பாதையில் ஊர் ஊராக இறங்கி, ஒரு சலவைக் கடை விடாமல் விசாரித்துச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இதுதான் கடைசி ஊர். இனி, தேடச் சொல்லி அனுப்பிய பையனிடம் கையை விரிக்க வேண்டியதுதான். அவன் முகத்தை நினைக்கவே சங்கடமாக இருந்தது.

"அப்படி யாரைத்தான் தேடுறீங்க?" அடுத்த சட்டையை விரித்தபடி அவள் கேட்டாள்.

"ஒரு அக்காவை. மூணு வயசுல ரயில்ல தனியா வந்து சேர்ந்த பையன்மா. அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். அதுக்குள்ள எங்க அக்காவைக் கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

"அப்பா, அம்மா?"

"யாரும் இல்லைன்னுதான் காப்பகத்துல சொன்னாங்க. வந்த அன்னைக்கு அக்கா, அக்கான்னு ஒரே அழுகையாம். அம்மா எங்கேன்னு கேட்டா திருதிருன்னு முழிச்சிருக்கான். பாவம், தாயில்லாப் பிள்ளை, அக்காதான் வளர்த்திருக்கான்னு முடிவு பண்ணிட்டாங்க. அக்கா இஸ்திரி போடுவா, இவன் அந்தச் சூட்டுத் துணிமேல படுத்துக்குவான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது அவ்வளவுதான்."

அவள் கை நின்றுவிட்டது.

"போலீஸ்ல பழைய புகார் எதுவும் பார்க்கலையா சார்?"

"பார்க்காம இருப்பேனா? தம்பியைக் காணோம்னு ஒரு அக்காவும் புகார் கொடுக்கலை. மகனைக் காணோம்னு கொடுத்தவங்கதான் ஏகப்பட்ட பேர். அதெல்லாம் நமக்கு எதுக்குன்னு ஒதுக்கிட்டேன்."

சட்டை தீய்ந்து புகை கிளம்பியது. "அம்மா, சட்டை!" என்று அவர் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வைத்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா ஆச்சு? அந்த அக்காவை உங்களுக்குத் தெரியுமா?"

"அவனோட மாமனுங்க மூணு பேரும் வீடு பூரா என்னை அக்கான்னுதானே கூப்பிட்டாங்க, அவன் மட்டும் வேற எப்படி சார் கூப்பிடுவான்?" என்று விம்மினாள் அவள். "வாய் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து, பெத்தவளை அவன் ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிட்டதே இல்லை!"