நண்டு நிற்கும் இடம்

“மத்த ரெண்டு போர்டுலயும் நண்டு நிக்கலக்கா. நம்மதுல மட்டும்தான் நிக்குது.”

மாடி அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் நடுவில் முதலாளி குசுமி. டிவிக்குப் பக்கத்தில், பழைய ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றி எழுதிய ஹிமுரோ. கதவோரத்துக் கடைசி நாற்காலியில், ஆடிப் பார்த்துப் பிழை பிடிக்கும் தொகாஷி; கோபேயில் இதே ஆட்டத்தின் வேறு இரண்டு போர்டுகளை ஆடிப் பார்த்துவிட்டு, ரயில் பிடித்து ஓடி வந்து ஹிமுரோவிடம் இதைச் சொன்னவன், குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை. கதவுக்கு வெகு தள்ளி, சன்னலடியில் இருந்த நல்ல நாற்காலி காலியாக இருந்தது. அது முகிஷிமாவுக்கு.

காசு போட்டு ஆடும் கடைகளில் ஒரு காலத்தில் ஓடிய ஆறு வீடியோ ஆட்டங்களை ஒரே சிடியில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை. ஐந்துக்கு ஒப்புதல் வந்தாயிற்று. ஆறாவது, ‘ஆழ்கடல் ஏழு’ என்கிற நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டம். அதை உருவாக்கியவர் முகிஷிமா, உரிமையும் இப்போது அவரிடம்தான். இதற்குமுன் வந்த இரண்டு கம்பெனிகளை ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் திருப்பி அனுப்பியவர். அவருடைய ஒப்புதல் கடிதம் இன்றைய தபாலில் போகாவிட்டால் சிடி அச்சாகாது. சிடி அச்சாகாவிட்டால் கம்பெனி இருக்காது.

பழைய புரோகிராம் யாரிடமும் இல்லை. அமகசாகியில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து, ஆட்டம் பதிந்த மின்சுற்றுப் பலகையான போர்டை வாங்கி, ஓடவிட்டு, பார்த்துப் பார்த்தே ஹிமுரோ எழுதினாள். மூன்றாம் சுற்றில் ராட்சத நண்டு கொடுக்கைத் திறக்கும்போது திரை முழுதும் ஒரு மூச்சு நேரம் அப்படியே உறைந்து நிற்கும். அந்த நிற்பை இம்மி பிசகாமல் கொண்டுவரத்தான் அவள் அதிகம் பாடுபட்டிருந்தாள்.

“அப்ப நான் எழுதினது ஆட்டத்தை இல்ல,” என்றாள். “ஒரு கிழட்டு போர்டோட நோயை.”

“இருமல்காரர் பாடினதைக் கேட்டு, இருமலுக்கும் சேர்த்து ஸ்வரம் எழுதின மாதிரி,” என்றான் தொகாஷி. யாரும் சிரிக்கவில்லை.

“எடுத்துட முடியாதா?” என்றார் குசுமி.

“எடுத்துட்டு மொத்தத்தையும் மறுபடி சேர்த்து ஓட்டிப் பாக்கணும் முதலாளி. சாயங்காலம் ஆயிடும், தபால் போயிடும்,” என்றாள் ஹிமுரோ.

மரப்படியில் காலடி கேட்டது. குசுமியின் குரல் தாழ்ந்தது. “யாரும் வாயத் தொறக்காதீங்க. கேட்டா, ‘அசல்ல இருந்தபடியே’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

“அவர் எழுதினது அவருக்குத் தெரியாதா?” என்றாள் ஹிமுரோ.

“வயசாச்சு. மறந்திருக்கணும்னு வேண்டிக்கோ.”

முகிஷிமா உள்ளே வந்தார். மூவரும் எழுந்து குனிந்தார்கள். அவர் பார்லித் தேநீரைப் பார்க்கவில்லை. நல்ல நாற்காலியை டிவி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆடும் பிடியைக் கையிலெடுத்தார்.

“ஓட்டுங்க.”

முதல் சுற்று. இரண்டாம் சுற்று. வெளியே மழை. குசுமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் சுற்றில் நண்டு வந்தது. கொடுக்கு திறந்தது. நின்றது.

அந்த ஒரு மூச்சு நேரம் ஹிமுரோ மூச்சு விடவில்லை.

முகிஷிமா தப்பித்துக் கடந்துபோனார். அப்புறம் வேண்டுமென்றே கப்பலைப் பாறையில் மோதவிட்டு, முதலிலிருந்து ஆடினார். மறுபடி நண்டு. மறுபடி நின்றது. கையிலிருந்த பிடியை மேசைமேல் வைத்தார்.

“இது ஏன் நிக்குது?”

“அசல்ல இருந்தபடியேங்க ஐயா,” என்றார் குசுமி.

“உங்களைக் கேக்கல. எழுதினது யாரு?”

ஹிமுரோ எழுந்தாள். முதலாளியின் பார்வை அவளைக் கெஞ்சியது. கீழ்மாடியில் யாரோ எதையோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவர்கள் சம்பளமெல்லாம் இப்போது தன் நாக்கில் என்று நினைத்தாள். ‘அசல்ல இருந்தபடியே’ என்பது தொண்டை வரை வந்து, அங்கேயே நின்றது.

“அசல்ல இல்லைங்க ஐயா. எங்களுக்குக் கிடைச்ச போர்டு பழுது. அது தெரியாம அதையும் சேர்த்து எழுதிட்டேன். தப்பு என்னோடது.” நெற்றி மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள்.

குசுமி கண்ணை மூடிக்கொண்டார்.

“முன்ன வந்த ரெண்டு கம்பெனியோடதுல நண்டு நிக்கல,” என்றார் முகிஷிமா.

“நின்னிருக்காதுங்க ஐயா,” என்றாள் ஹிமுரோ.

“எந்தக் கடை போர்டு?”

“அமகசாகி. ஸ்டேஷனுக்குப் பின்னால, மீன்கடை மாடியில இருந்த கடை.”

முகிஷிமா கோட்டுப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது, கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் அவருடைய முத்திரைக் கட்டை. ஒப்புதல் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கட்டையைச் சிவப்பு மையில் தோய்த்து, அழுத்திப் பதித்தார்.

“ஐயா, அந்தப் பழுது...” என்றாள் ஹிமுரோ.

“பழுது இல்லம்மா, நான் வெச்சது. வெளியீட்டுக்கு முன்ன சோதனைக்குன்னு ஒரே ஒரு போர்டை அந்த மீன்கடை மாடியிலதான் வெச்சோம். அந்த நேரத்துல தப்பிச்சு ஒரே காசுல பசங்க ரொம்ப நேரம் ஆடுறாங்க, நண்டு நிக்கிறதை வெட்டுன்னு மேலிடத்துல உத்தரவு. வெட்டினேன். ஊரெல்லாம் போனது அந்த வெட்டினதுதான். இப்ப நானே திரும்பச் சேர்க்கச் சொன்னா, கிழவன் புதுசா எதையோ நுழைக்கிறான்னு சொல்லுவாங்க.”

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, கதவோரம் நின்ற தொகாஷியிடம் நீட்டினார்.

“அவங்க ரெண்டு பேரும் கொண்டுவந்தது ஊரெல்லாம் போன அந்த அசலை அப்படியே உரிச்சு வெச்சிருந்துச்சு. அதான் வேண்டாம்னேன். ஓடு தம்பி, தபால் போயிடப்போகுது.”