வெண்கட்டிக் கோடு

"நாலு அங்குலம்." நேசமலர் அடிக்கோலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். "நாலு அங்குலம் பிழைச்சிருக்கு, ராமையா."

வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி, வரைபடத்தில் உள்ளதைவிட இருக்கைக்கு அவ்வளவு கிட்டத்தில் பூட்டப்பட்டிருந்தது.

வெள்ளவத்தையில், ரயில் பாதையோரத்து வீட்டின் கார் கொட்டிலுக்குள் அந்தக் குட்டி விமானம் எலும்பும் கூடுமாக நின்றது. ரயில் போனால் முழுதும் நடுங்கும். போய் முடியும்வரை எதையும் அளக்க முடியாது.

சீமையிலிருந்து தபாலில் வந்த வரைபடத்தைப் படித்து, தச்சன் ராமையாவுக்கு அளவு சொன்னவள் கணக்கில் பட்டம் எடுத்த நேசமலர். ஓட்டப்போகிறவன் அவள் அண்ணன் சவுந்தரநாயகம். வீட்டில் யாரும் பேசாமலே எடுத்த முடிவு அது. அவன் இரத்மலானை விமானத் திடலில் பறக்கப் பழகினான். அவளையும் அனுப்பலாமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காத தன்மேல் இருந்த கோபம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் பெரிது.

ராமையா மேல் வேறொரு கோபம். போன மாதம் இடது இறக்கை உடம்போடு பொருந்தவில்லை. ஒன்பதடி மனையடி சாத்திரத்தில் ஆகாத அளவென்று, அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், கட்டிலுக்குச் செய்வதுபோல அரை அங்குலம் கூட்டி வெட்டியிருந்தான். அறுத்து, பிழையான துளைகளை அடைத்து, புதிதாகத் துளைக்க மூன்று ஞாயிறு போயிற்று.

"இதுக்கும் சாத்திரம் பார்த்தனீரோ? காத்துக்கு உம்மட மனையடி விளங்குமோ?"

"சாத்திரமில்ல டீச்சரம்மா. ஆள் அளவு."

"ஆர் அளவு? அண்ணைக்குக் கொக்குக் கால். கழட்டும்."

ராமையா மரையாணி கழற்றும் சாவியைத் தேடினான். அவசரமில்லாமல் தேடினான்.

எவ்வளவு தள்ளவேண்டுமென்று பார்க்க, ஒவ்வொரு பாகத்துக்கும் செய்வதுபோல, அவளே சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஏறி இருந்தாள். காலை நீட்டினாள்.

தரைப்பலகையில் இரண்டு வெண்கட்டிக் கோடுகள். ஆணி அடிக்க இட்ட அடையாளமென்று இரண்டு கிழமையாக நினைத்திருந்தாள்.

அவளுடைய குதிகள் அந்தக் கோடுகளின் மேல் போய் இருந்தன.

விரல்கள் மிதியில். இடதுகாலை அழுத்தினாள். பின்னால் சுக்கான் கிரீச்சென்று இடப்பக்கம் திரும்பியது.

"தெனமும் இதுல குந்திப் பாக்குறது நீங்கதானே," என்றான் ராமையா. "ஓட்டுறதும் நீங்கதான்னு நெனச்சேன்."

ரயில் ஒன்று போயிற்று. நடுங்கும் கூட்டுக்குள் அவள் அசையாமல் இருந்தாள்.

பிறகு இறங்கி வந்து, வரைபடத்தில் கால்மிதிக்கு நேரே இருந்த எண்ணைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் தன்னுடைய அளவை எழுதினாள். ராமையா சாவியைப் பெட்டிக்குள் போட்டான்.

பின்னேரம் சவுந்தரநாயகம் வந்து ஏறி இருந்தான். முழங்கால் இரண்டும் மேல்சட்டத்தில் முட்டின.

"எனக்குக் கால் நீட்ட இடம் காணாதே, மலர்."

"ஓம்," என்றாள். "எனக்குக் காணும். இரத்மலானைக்குக் காலமை எத்தினை மணிக்குப் போறனீங்கள்?"

அவன் வரைபடத்தைப் பார்த்தான். வெட்டிய எண்ணைப் பார்த்தான். முழங்காலைத் தடவிக்கொண்டு இறங்கினான்.

"ஆறுக்கு," என்றான். "அங்க சேலையோட ஏற ஏலாது."