விலை படியாத சைக்கிள்

கிறீச்... கிறீச்... கிறீச்...

தெரு முனையில் திரும்பும்போதே ஜோலினுக்குக் கேட்டது. எண்ணெய் காணாத இரும்பின் சத்தம். கூடவே யாரோ புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கும் சத்தம்.

நடையை எட்டிப் போட்டாள்.

லெராயின் கார் கராஜ் வாசலில் வழக்கமான சனிக்கிழமைப் பழைய சாமான் விற்பனை. மடக்கு மேஜையில் கைப்பிடி போன காபிக் கோப்பைகள், எரியாத விளக்கு. சுவரோரம் தூசி படிந்த தூண்டில். நடுவில், விலைச்சீட்டு ஒட்டிய சிவப்பு நிற உடற்பயிற்சி சைக்கிள்.

அதன்மேல் லெராயின் பக்கத்து வீட்டுக்காரர் ஹெர்ப். அறுபத்தெட்டு வயது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

ஜோலின் அப்படியே நின்றாள். ஏப்ரலில் மாரடைப்பென்று ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போனது இவரைத்தானே?

"முப்பத்தஞ்சுன்னா இப்பவே எடுத்துக்கறேன்யா" என்றார் ஹெர்ப், மிதித்தபடியே.

"நாப்பது." லெராய் நாற்காலியில் சாய்ந்து ஐஸ் டீ உறிஞ்சினார்.

"கிறீச்சுன்னு கத்துதேய்யா!"

"மிதிக்க மிதிக்கச் சரியாகும்."

"போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்னே!"

"போன சனிக்கிழமை நீ இறுக்கி மிதிச்சுப் பார்த்தியா? அந்தக் குமிழை ரெண்டு சுத்து இறுக்கு. மேடு ஏறற மாதிரி இருக்கும். சரியாப் பார்க்காம வாங்கிட்டு அப்புறம் என் வாசல்ல வந்து நிக்காதே."

ஹெர்ப் இறுக்கினார். முகம் தக்காளியானது.

"சார், போதும். முதல்ல இறங்குங்க" என்றாள் ஜோலின்.

"சும்மா இரும்மா. இந்த டொலீடோ ஊர்ல நான் சொன்ன விலைக்கு இறங்காத கராஜே கிடையாது. இவன் இப்பதான் மசியறான். முப்பத்தாறு!"

"நாப்பது" என்றார் லெராய்.

ஜோலினும் ஒரு மாதமாக இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். டிரெட்மில் வாங்கினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். துடுப்புப் போடுகிற மாதிரிப் பயிற்சி மெஷினுக்கு ஹால் போதாது. கயிறு தாண்டலாமென்றால் முழங்கால் சம்மதிக்காது. மிஞ்சியது சைக்கிள்தான். தனக்கும் ஆயிற்று, இந்த மனிதரையும் காப்பாற்றிய மாதிரி ஆயிற்று.

கைப்பையைத் திறந்தாள்.

"இந்தாங்க, நாப்பது டாலர். நான் எடுத்துக்கறேன்."

கிறீச் நின்றது.

லெராய்க்கு ஐஸ் டீ புரையேறியது. "இது... உனக்கு விக்கறதுக்கில்லம்மா."

"விலைச்சீட்டு ஒட்டியிருக்கே?"

"ஒட்டினா?"

"அம்பது தரேன்."

"நூறு குடுத்தாலும் கிடையாது. ஹெர்ப்தான் முதல்ல கேட்டான். ஏன்யா நிறுத்திட்டே? வேண்டாமா? இந்தப் பொண்ணுக்கே குடுத்துடவா?"

"யாருய்யா வேண்டாம்னது?"

கிறீச் கிறீச் கிறீச். முன்னைவிட வேகமாக.

"நீங்கல்லாம் மனுஷன்தானா?" ஜோலின் குரலை உயர்த்தினாள். "பிழைச்சு வந்தவரைப் போட்டு இந்த வதை வதைக்கறீங்களே. கேவலம் நாலு டாலருக்கா?"

லெராய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. ஜோலின் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஹெர்ப்பின் மனைவி மார்லீன், கூடை நிறையத் துண்டுகளை வைத்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"மார்லீன், ஓடி வாங்க! லெராய் உங்க வீட்டுக்காரரை மிதிக்க வெச்சே கொன்னுடுவார்! முழு விலை குடுத்தும் எனக்கு விக்க மாட்டேங்கறார்!"

"அவன் எப்படி விப்பான்? சைக்கிள் என்னுதாச்சே."

"என்னது?"

"உட்காரு. நடுவுல சத்தம் நின்னுச்சே, நீதானா அது?" மார்லீன் துண்டை உதறினார். "வாரத்துக்கு மூணு நாள், அரைமணி நேரம், வேர்க்க வேர்க்க மிதிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். புத்தம் புதுசா வாங்கிக் குடுத்தேன். 'எங்கேயும் போகாத சைக்கிளை எதுக்குடி மிதிக்கணும்'னு கேட்டார். அதுமேல ரெண்டு மாசம் இந்தத் துண்டுங்கதான் ஏறி உட்கார்ந்திருந்துச்சு."

"அப்புறம்?"

"சொந்தப் பொருள்னா திரும்பிப் பார்க்க மாட்டார். அதே அடுத்தவன் வாசல்ல விலைச்சீட்டோட நின்னா விட மாட்டார். இவருக்கு அடையாளம் தெரியாம இருக்க லெராய் சிவப்பு வர்ணம் அடிச்சு வெளியே வெச்சான். வியாழன், வெள்ளி, சனி. தவறாம கடை. மீன் பிடிக்கறதுன்னா உசிரை விடுவான், பாவம். இந்தக் கோடை முழுக்க ஏரிப் பக்கமே போகலை."

ஜோலினுக்குச் சுவரோரத் தூண்டில் ஞாபகம் வந்தது. அதன்மேல் இருந்த தூசியும்.

"அதுக்குக் கொஞ்சம் எண்ணெயாவது விடலாமே" என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"நான்தான் வேண்டாம்னேன். அவர் மிதிக்கறார்னு எனக்கு இங்கே கேட்கணுமில்ல."

வெளியே, "முப்பத்தேழு!"

"நாப்பது!"

பிறகு சத்தம் நின்றது.

மார்லீனின் கை துண்டோடு அந்தரத்தில் நின்றது. கண் கடிகாரத்துக்குப் போனது. அரைமணிக்கு இன்னும் ஆறு நிமிடம்.

"போய்யா, நீயே வெச்சுக்கோ!" ஹெர்ப்பின் குரல்.

ஜோலின் எழுந்தாள். சற்று யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஹெர்ப் சார்! உங்களால முடியலைன்னா சொல்லுங்க, சைக்கிளை நான் எடுத்துக்கறேன்!"



கிறீச்... கிறீச்... கிறீச்...

மார்லீன் அடுத்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.